நான் கழற்றி எடுத்த ஃபில்டர்

என் தங்கையின் கணவர் ஓட்டிய காரிலிருந்து டீசல் ஃபில்டரை நான் எடுத்துவிட்டேன். கைதவறியோ மறந்துபோயோ செய்யவில்லை. அந்த எஞ்சின் கெட்டுப்போக வேண்டும் என்று நினைத்தே எடுத்தேன். அது கெட்டது. அதோடு அவருடைய பிழைப்பும் கெட்டது. கெடுத்தது அவருடைய கவனக்குறைவுதான் என்று ஊரை நம்பவைத்தேன். அவரையும் நம்பவைத்தேன்.

எனக்கு அறுபது தாண்டிவிட்டது. பாலிடெக்னிக்கில் மோட்டார் வாகனப் படிப்பு படித்தவன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் சாலையில் பட்டறை வைத்திருந்தேன். சுற்றுவட்டாரத்தில் படித்த மெக்கானிக் நான் ஒருவன்தான். வண்டியின் பானெட்டைத் திறந்து நான் சொல்லும் வார்த்தையை யாரும் மறுத்ததில்லை. நான் செய்த காரியத்துக்கு அந்த மரியாதை மிகவும் உதவியது.

எங்கள் குடும்பம் ஆரம்பாக்கத்துக்கு மேற்கே நெல் விளைவிக்கும் குடும்பம். தங்கை ஆசிரியர் பயிற்சி படித்துவிட்டு பழவேற்காட்டில் ஒரு சிறிய பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மறுவருடம் கோட்டைக்குப்பத்து மீனவர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். நைனா, அதாவது எங்கள் அப்பா, வீட்டுச் சுவரிலிருந்து அவளுடைய போட்டோவை எடுத்து மாட்டுக்கொட்டகையில் போட்டார். நான் அதை அங்கிருந்தும் எடுத்து எரித்தேன். அவர் சொல்லாததையும் செய்யக்கூடிய மகன் நான்.

நைனா இறந்தபோது அவர்கள் இருவரும் வந்தார்கள். நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

"மீன் வாடை வூட்டுக்குள்ள வாணாம். பொணம் எடுக்கும்போது ரோட்டுலருந்து பாத்துக்கோ" என்றேன்.

தங்கை எதிரே ரோட்டோரத்தில் வெயில் ஏறும்வரை நின்றாள். என் மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அதைப் பிடுங்கிக் கீழே கொட்டினேன். அவர், என் தங்கையின் கணவர், மேல்துண்டை விரித்து அவள் தலைக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் துண்டு எனக்குப் பொறுக்கவில்லை. அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அவர் கார் வாங்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து.

அந்தக் காரை வாங்க அவர் எதை விட்டுவிட்டு வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பதை மீனவர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவனுக்கு ஏரியில் ஓர் இடம் உண்டு, ஊரில் ஒரு பேச்சு உண்டு. தண்ணீரில் இறங்காதவன் பாட்டைப் பிடித்துவைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அவர் காரோட்டப் போவதாக ஊரில் சொல்லி, தன் பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்திருந்தார். கார் ஓடவில்லையென்றால் திரும்பிப்போக அவருக்கு ஏரியில் இடம் கிடையாது. இது எனக்குத் தெரியும். ஃபில்டரில் கை வைக்கும்போது தெரிந்தே வைத்தேன்.

அது பழைய டீசல் கார். ஏழெட்டுப் பேரை அடைத்து ஏற்றலாம், கூரையில் மீன் கூடைகளைக் கட்டலாம். குப்பத்தில் அதுவரை எவரிடமும் கார் கிடையாது. அவர் இறங்கி வந்தபோது பட்டறையில் நாலைந்து டிரைவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான், வண்டி வாங்கிகிறேன். ஒருவாட்டி உங்க கையால பாத்துக் குட்த்துட்டீங்கன்னா தைரியமா ஓட்டுவேன்" என்றார்.

"இங்க யாருக்கு யாருபா மச்சான்? கடைக்குள்ள வந்தா சார்னு கூப்புடு."

டிரைவர்களில் ஒருவர் சிரித்தார். "இன்னா தலைவரே, கட்டுமரத்துக்கு நாலு சக்கரம் மாட்டிகினு வந்துட்டியா?" என்று கேட்டார்.

"ஆமாபா, துடுப்பு மட்டும்தான் போடல" என்று அவரும் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்து, "செரி சார்" என்றார். கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. "இத்த உங்க தங்கச்சி குட்த்து அனுப்ச்சா. நண்டு கொழம்பு. உங்களுக்குப் புடிக்கும்னு சொன்னா."

நான் அந்தத் தூக்கை டிரைவர்கள் பக்கம் தள்ளினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் அதைக் காலி செய்தார்கள். காலித் தூக்கைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துவைத்துக்கொண்டார்.

டீசல் எங்கே பிடிக்கிறாய் என்று கேட்டேன். படகுக்காரர்கள் கொடுப்பதாகச் சொன்னார். அங்கே அப்படி ஒரு வழக்கம் வந்திருந்தது. பொன்னேரி சந்தைக்கு மீன் கூடை ஏற்றிப்போவதற்குக் கூலியாகப் படகுக்காரர்கள் தங்கள் கேனிலிருந்து டீசல் ஊற்றித் தருவார்கள். அந்தக் கேன்கள் படகின் அடித்தளத்தில் உப்புத் தண்ணீரில் மிதப்பவை. மூடியில் மணல் ஒட்டியிருக்கும், சில நேரம் செதிள்கூட மிதக்கும். அவர் அதைச் சும்மா ஊற்றவில்லை. கேனை ஒரு கல்லின்மேல் சாய்த்துவைத்து, தண்ணீர் அடியில் தங்கும்வரை விட்டு, மேலே இருப்பதை மட்டும் வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டி ஊற்றுவார். டேங்கிலிருந்து கொஞ்சம் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது எஞ்சினுக்குப் போதாது. துணி மணலை நிறுத்தும். மாவுபோன்ற தூசியை நிறுத்தாது. டீசலோடு பொடியாகக் கலந்து வரும் தண்ணீரையும் நிறுத்தாது. அந்தக் காலத்து டீசல் காரில் டேங்கிலிருந்து வரும் டீசல் முதலில் ஃபில்டருக்குள் போகும். வெளியே ஒரு இரும்புக் கிண்ணம், உள்ளே விசிறிபோல மடித்து மடித்துச் சுருட்டிய காகித உருளை. டீசல் அந்தக் காகிதத்தின் வழியாகக் கசிந்துதான் அடுத்த பக்கம் போக முடியும். தூசி காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும், கனமான தண்ணீர் கிண்ணத்தின் அடியில் இறங்கிவிடும். அடியில் ஒரு திருகு இருக்கும். காலையில் அதைக் கொஞ்சம் தளர்த்தினால் தண்ணீர் வெளியே வந்துவிடும்.

சுத்தமான டீசல் அங்கிருந்து பம்புக்குப் போகிறது. பம்புக்குள் ஒரு இரும்புத் தண்டு ஒரு இரும்புக் குழாய்க்குள் ஏறி இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தலைமயிரைக்கூட நுழைக்க முடியாது. அதற்கு எண்ணெய் தனியாகக் கிடையாது, டீசல்தான் அதற்கு எண்ணெயும். அங்கே தூசி போனால் தண்டு கீறிக்கொள்ளும். தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். உப்புத் தண்ணீர் போனால் சீக்கிரம் பிடிக்கும். அதைத் தாண்டி எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்களின் துளைகள் ஊசிமுனையைவிடச் சிறியவை. ஒரு துளை அடைத்துக்கொண்டாலும் டீசல் தூறலாக விழாமல் சொட்டுச் சொட்டாக விழும். அந்தச் சொட்டு பிஸ்டனின் தலையை எரித்துத் தின்னும். இவ்வளவையும் காப்பது ஒரு காகிதச் சுருள்.

அவரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். கிண்ணத்தைக் கழற்றினேன். காகித உருளை நல்ல நிலையில் இருந்தது, யாரோ சமீபத்தில்தான் மாற்றியிருந்தார்கள். அதை எடுத்துப் பழைய டயர்களுக்குப் பின்னால் போட்டேன். வெறும் கிண்ணத்தைத் திரும்பவும் பூட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது.

அவர் வந்ததும் குனிந்து பார்த்து, "இது இன்னா சார், கிண்ணி மாரி?" என்று கேட்டார்.

"அத்தத் தொடாத. அதுல கீற திருகுல கை வெச்சேன்னா காத்து பூந்து வண்டி நின்னுடும்."

"நான் ஏன் சார் தொடப் போறேன்" என்றார். அவர் கடைசிவரை தொடவில்லை.

முதல் சில வாரங்கள் வண்டி முன்னைவிட நன்றாக ஓடியது. தடுக்க எதுவும் இல்லாததால் டீசல் தாராளமாகப் பாய்ந்தது. அவர் பட்டறை வாசலில் நிறுத்தி, "சார், சோக்கா ஓடுது சார், பறக்குது" என்று சொல்லிவிட்டுப் போவார். கார் ஜன்னல் வழியாக என் தங்கை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. அண்ணன் பேசாவிட்டாலும் கையால் உதவிவிட்டான் என்று நினைத்திருப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கெடுக்கிறோம் என்ற சந்தோஷம்தான் அது, வேறொன்றும் இல்லை.

பிறகு காலையில் கிளம்ப மறுத்தது. வெள்ளைப் புகை கக்கியது. சுத்தியல் அடிப்பதுபோல எஞ்சினுக்குள் சத்தம். குப்பத்துப் பெண்கள் மீன் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. அப்படியே தள்ளிக்கொண்டு என் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

பம்பைத் திறந்தேன். தண்டில் பழுப்புத் துரு படிந்திருந்தது. அதைத் துணியில் வைத்து அங்கே நின்ற எல்லோருக்கும் காட்டினேன்.

"பாத்துக்கோங்கம்மா. டீசல்ல தண்ணி. படகுல ஊத்தற மாரி கார்ல ஊத்தினா இப்படித்தான். மோட்டார்னா உங்க ஆளுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

ஒரு பெண் அவரிடம், "எத்தினி வாட்டி சொன்னேன், சோம்பேறித்தனமா ஊத்தாதன்னு" என்றாள். அவள் அதற்கு முன் அப்படி ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டாள். ஆனால் படகு டீசலில் தண்ணீர் இருக்கும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை வைத்துப் பொய் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை. துருப்பிடித்த தண்டைக் கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லாத்தான் சார் வடிகட்னேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பம்பைச் சரிசெய்து பூட்டினேன். அப்போதும் கிண்ணத்துக்குள் ஒன்றும் வைக்கவில்லை. முதல் தடவை ஆத்திரத்தில் செய்தேன் என்று எவராவது எனக்காக வாதாட நினைத்தால், இந்த இரண்டாவது தடவையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதன்பிறகு அவர் படகு டீசலை விட்டுவிட்டு பெட்ரோல் பங்கில் போய்ப் பிடித்தார். ஆனால் டேங்கின் அடியில் முன்பே தங்கியிருந்த தண்ணீரும் துருவும் தடையில்லாமல் பம்புக்குப் போய்க்கொண்டேயிருந்தன. ஒரு நாள் குப்பத்துப் பெரியவர் ஒருவருக்கு மார்வலி வந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். பாதி வழியில், இரண்டு பக்கமும் வயல் மட்டும் உள்ள இடத்தில் வண்டி நின்றது. பின்னால் வந்த மீன் டெம்போவில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெரியவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காரில் குப்பத்து ஆள் எவரும் அதன்பிறகு ஏறவில்லை.

தங்கை தனியாக என் பட்டறைக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"ண்ணா, உண்மையச் சொல்லு. வண்டியில இன்னா கோளாறு? எதுனா பாக்காம வுட்டுட்டியா?"

அவள் என் கண்ணைப் பார்த்தாள். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. நீ ஒருத்தனக் கட்டிகினுகீற பாரு, அதான் கோளாறு. அவனுக்கு மோட்டாரும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. தண்ணியில பொறந்தவன் எல்லாத்துலயும் தண்ணியத்தான் ஊத்துவான்."

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். நான் சொன்னதை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்பது அந்த ஆட்டலில் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டில் அவருக்குத் தண்ணிக்காரன் என்று பெயர்.

கார் பழைய இரும்புக்குப் போனது. அவர் ஏரிக்குத் திரும்பினார். தம்பியிடம் பாட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. தம்பிக்கு அதற்குள் குடும்பம் வந்துவிட்டது. கேட்டிருந்தாலும் ஊர் சம்மதித்திருக்காது. பாடு இல்லாதவர்கள் வலை கட்ட முடியாது. கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் தவழ்ந்து, கையால் துழாவி இறால் பிடிக்கலாம். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே நகர வேண்டும். வலை கட்டும் ஆள் எவரும் செய்யாத வேலை அது. சாலையில் நான் வண்டியில் போகும்போது அவரைப் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு மேலே ஒரு தலையும் வாயில் ஒரு பறியும் தெரியும். நான் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போவேன். பல வருடங்கள் அப்படிப் பார்த்தேன். ஒருமுறை கெளுத்தி முள் குத்தி, சீழ் வைத்து, வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மீதி விரல்களால் துழாவினார்.

என் மனைவி போன வருடம் இறந்தாள். யாரும் சொல்லி அனுப்பாமலே தங்கையும் அவரும் வந்தார்கள். தங்கை நேராக அடுப்படிக்குப் போய் வந்தவர்களுக்குச் சமைத்தாள். அவர் பாடையின் ஒரு முனையைத் தோளில் வாங்கினார். எரித்துவிட்டு வந்து எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒருவர் அவரிடம் வேன் ஒன்றை நகர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"என் கையில வண்டியக் குட்க்காதீங்கப்பா. தண்ணி ஊத்திக் கொன்னுடுவேன். ஒரு வண்டிய அப்படித்தான் சாவடிச்சேன், சாரக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை சொல்லிப் பழகிய பேச்சு என்று தெரிந்தது. தன் அழிவை அவரே ஒரு வேடிக்கைக் கதையாக்கி, சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். அந்தப் பந்தலிலும் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் என்னால் சாப்பிட முடியாமல் போனது.

காரியம் முடிந்த பிறகு அவருடைய தம்பியிடம் சொல்லி, கோட்டைக்குப்பத்தில் ஊர்க் கூட்டம் கூட்டச் சொன்னேன். அம்மன் கோயிலுக்கு எதிரே கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். அவர் ஒரு ஓரத்தில் பறியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பின்னால் நின்றார்கள், அவர்களில் என் தங்கையும். நான் எழுந்து நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கிண்ணம், காகிதம், திருகைத் தொடாதே என்று சொன்னது, இரண்டாவது முறையும் வைக்காமல் விட்டது. கடைசியில், அவருடைய பாட்டை ஊர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"படிச்ச கையி எவ்ளோ சுத்தமா வேல செஞ்சிகீது பாரு" என்றார் ஒருவர்.

ஊர்த் தலைவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "சார், நீ சொன்னது வண்டி சமாச்சாரம். பாட்டு சமாச்சாரம் வேற" என்றார்.

"வண்டி கெட்டதாலதான் அவரு பாடு இல்லாம நிக்கிறாரு."

"வண்டிய நீ கொன்ன. பாட்ட அவனா வுட்டான். ஊரு புடுங்கல. இப்ப அவன் தம்பி கையில கீது, நாளிக்கு தம்பி புள்ளைக்கு. நீ வந்து இங்க அயுதா ஏரியில இன்னொரு எடம் மொளைக்குமா?"

குப்பத்து வண்டி எதுவும் இனி என் பட்டறைக்குப் போகக் கூடாது என்று முடிவு சொன்னார்கள். அது நியாயம்.

அப்போது என் தங்கை முன்னால் வந்தாள். என்னிடம் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமான குரலில்தான் பேசினாள்.

"தண்ணிக்காரா, தண்ணிக்காரான்னு புள்ளைங்க எதிர்ல இவரக் கூப்ட்டுகிறேன். சோறு போடும்போது, ஒனக்கு எதுக்கு கொழம்பு, தண்ணி ஊத்திக்கோன்னு சொல்லிகிறேன். கையில வெரலு போனப்ப ஆஸ்பத்திரியில வெச்சி, நல்லா வேணும்னு சொன்னேன். இதெல்லாம் நான் எங்கண்ணா போய் திருப்பி எடுத்துக்குவேன்? நீ சொல்லிட்ட. ஒனக்கு பாரம் எறங்கிடுச்சி. எங்க எறக்கி வெச்ச, பாத்தியா?"

ஓரத்திலிருந்து அவர் எழுந்து, "தண்ணி வத்துது, நான் கெளம்பறேன்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு, பறியை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் நடந்தார்.

ஒரு பழைய டீசல் காரை வாங்கி, எஞ்சினை முழுக்கப் பிரித்துச் சேர்த்து, புது ஃபில்டர் வைத்துப் பூட்டி, குப்பத்தின் முனையில் நிறுத்திச் சாவியையும் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது அதை மேட்டுச் சாலைவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தார்கள். சாவியை ஒரு வலைத் துண்டில் முடிந்து கதவுக் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். தங்கை சாப்பிடுவதில்லை, பள்ளிக்கூடத்துக்கும் போவதில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

சில நாட்கள் கழித்து அவர் பட்டறைக்கு வந்தார். சேறு காயாத கால்களோடு வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அந்த ஃபில்டர்னு சொன்னீங்களே, அத்த ஒருவாட்டி காட்டுங்க சார்."

பயன்படுத்தித் தூக்கிப்போட்ட ஒன்றை எடுத்து, உருளையை வெட்டிப் பிரித்து, காகிதத்தை விரித்துக் காட்டினேன். மடிப்புகளில் கறுப்பு படிந்திருந்தது. அவர் தன் மூன்று விரல்களால் அதை நசுக்கிப் பார்த்தார்.

"காயிதம்" என்றார்.

"ஆமா."

"என் டீசல்ல தண்ணி இருந்துச்சா இல்லியா? அத்தச் சொல்லுங்க."

பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. துளிகூட இல்லை என்று சொல்லலாம். "கொஞ்சம் இருந்துச்சு. எல்லார் டீசல்லயும் கொஞ்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் ஃபில்டர். அது இருந்திருந்தா உங்க வண்டி இன்னும் ஓடினு இருக்கும்" என்றேன்.

"கொஞ்சம் இருந்துச்சு" என்று அவர் திரும்பச் சொன்னார். காகிதத்தை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு ஒரு நாள் அவருடைய தம்பி என்னைத் தேடி வந்தார். பட்டறையை நான் அதற்குள் மூடிவிட்டிருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அண்ணி எய்ந்துட்டாங்க சார். சோறு துன்றாங்க. ஸ்கூலுக்கும் போறாங்க" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"எங்கண்ணன் வந்து அண்ணியாண்ட சொன்னாரு. 'உங்கண்ணனையே போய்க் கேட்டேன். என் டீசல்ல தண்ணி ரொம்ப இருந்துச்சாம். ஃபில்டரு இருந்தாலும் அந்த வண்டி கெட்டுப்போயிருக்குமாம். தப்பு என்மேலதான், நீ பேசனது ஒண்ணும் தப்பு இல்ல'ன்னாரு. அண்ணி மொதல்ல நம்பல. அப்பறம் ரெண்டு நாளா மறுபடியும் ஆரம்பிச்சிட்டாங்க, தண்ணிக்காரா வா, தண்ணிக்காரா போன்னு. இவரு சிரிச்சிகினே துன்றாரு." பெஞ்சில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நெஜமாவா சார்? ஃபில்டரு இருந்தாலும் கெட்டுப்போயிருக்குமா? அண்ணி உங்களாண்ட கேட்டுகினு வரச் சொன்னாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லும் பதிலை எடுத்துக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குத்தான் போவார்.

"ஆமா, கெட்டுப்போயிருக்கும்" என்றேன்.